மூன்றாம் கட்டிலின் தலைமாட்டில்

செங்கல்
நெய்யாற்றின்கரை வழி
4 பிப்ரவரி 2024, ஞாயிறு

அன்புள்ள தம்பி அஜீஷுக்கு,

எட்டு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் உன் படம் இருந்த இடத்தில் இப்போது வெறும் வட்டம்தான் தெரிகிறது. என் வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸ் சோனாவிடம் காட்டினேன். “பிளாக் பண்ணியாச்சு சேச்சி” என்று சொல்லிவிட்டு, சிரிக்கலாமா கூடாதா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

அதனால் காகிதம். நாளை வினீத் ஷார்ஜாவுக்குத் திரும்புகிறான். உன் மேல்கட்டிலில் படுக்கிறவன் கையில் கொடுத்துவிட்டால் நீ எங்கே ஓடுவாய்? நெல்லிக்காய் அச்சாறு பாட்டிலோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். கடிதத்தைப் படிக்காமல் அச்சாறை மட்டும் தின்றால் வயிறு பிடித்துக்கொள்ளும், பார்த்துக்கொள். நாம் இரண்டு பேரும் படித்தது மலையாளப் பள்ளியில். இந்தத் தமிழ் எழுத்து அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் சிலேட்டில் எழுதித் தந்தது. பிழை இருந்தால் அம்மாவிடம் சொல்லிக்கொள்.

சங்கதிக்கு வருகிறேன். “அம்மா நினைவாக வைத்த சக்ஷன் மெஷினைப் பெண்கள் வார்டிலிருந்து எடுத்து ஸ்டோரில் வைத்துவிட்டோம்” என்று நான் சொல்லி முடிக்கவில்லை. “அம்மயைத் தூக்கி வெளியே போட்டாச்சு, இல்லியா?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். ஏன் எடுத்தோம் என்று நீ கேட்கவே இல்லை.

நம் சபை ஆஸ்பத்திரியின் வழக்கம் உனக்குத் தெரியும். நம் ஆட்களில் யார் இறந்தாலும் வருஷத்துக்குள் ஒரு பொருள் வந்துவிடும். சிவப்புப் பெயிண்டில் ‘இன்னார் நினைவாக’ என்று எழுதி, போதகர் ஜெபம் செய்து, வார்டில் கொண்டுவந்து வைப்பார்கள். வைத்ததை எடுக்கிற வழக்கம் மட்டும் இல்லை. பெண்கள் வார்டில் கட்டில் எட்டு, சுவர்க்கடிகாரம் மூன்று. மூன்றும் மூன்று நேரம் காட்டும். மருந்து கொடுத்த நேரத்தை நாங்கள் செல்போனைப் பார்த்து எழுதுகிறோம். வாசலை ஒட்டி ஒரு தேக்கு அலமாரி, கமிட்டிச் செயலர் வேதமாணிக்கம் சாருடைய அப்பச்சன் நினைவாக. அதற்கு எதிரே ஒரு கனத்த பெஞ்சு, எந்தக் காலத்திலோ இருந்த உபதேசியார் நினைவாக. இரண்டுக்கும் நடுவில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. நோயாளியைக் கையில் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோகிறோம்.

மூன்றாம் கட்டிலின் தலைமாட்டில், பிளக் பாயிண்ட் இருக்கிற நல்ல இடத்தில், தொண்டை அடைப்பை உறிஞ்சி எடுக்கிற மெஷினாக அம்மா.

போன மாதம் அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் வார்டு முழுவதும் அளந்தேன். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே எவ்வளவு, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, கை கழுவ எத்தனை அடி நடக்கிறோம், எல்லாவற்றையும். நர்ஸிங் சூப்ரண்டு ஆகி ஆறு வருஷம் கழித்து வந்த புத்தி. கமிட்டிக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு எண்ணும் ஒரு அட்டையும் வேண்டும், திங்கள்தோறும் ஓட்டிப் பார்த்து அட்டையில் தேதி போட வேண்டும், ஓடாதது வார்டில் இருக்கக் கூடாது, தலைமாட்டில் ஆள் நிற்க இடம் விட வேண்டும் என்றெல்லாம். வேதமாணிக்கம் சார் படித்துவிட்டு, “மரிச்சவங்களை எல்லாம் இறக்கி விடணும்னு எழுதியிருக்கா இந்தப் பிள்ளை” என்றார்.

மற்றவர்களை எடுக்கச் சொல்வதற்கு முன்னால் என் வீட்டுப் பொருளை எடுக்க வேண்டும் அல்லவா? மெஷினும் பழையதாகிவிட்டது. அவ்வளவுதான் காரணம்.

வினீத்தின் அம்மா சரசம்மாவுக்கு இப்போது தேவலை. பொழியூரில் வீட்டுக்கு வந்து, எழுந்து நடக்கிறாள். கோபம் தீர்ந்தால் பேசு.

உன் அக்கா
ரெஜிலா

*

ஷார்ஜா
16 பிப்ரவரி 2024

ரெஜிலா அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் அன்று ஊரில் இல்லை. டெல்லியில் வேலையில் இருந்தீர்கள். மூன்றாம் கட்டிலில் அம்மா, பக்கவாதம் வந்து இரண்டாம் நாள். மத்தியானம் கஞ்சி கொடுத்தார்கள். வாந்தி வந்து தொண்டையில் அடைத்துக்கொண்டது. அதை உறிஞ்சி எடுக்க வார்டில் மெஷின் இல்லை. “தியேட்டர்ல உண்டு, ஓடு மக்கா” என்றார் நர்ஸ். ஓடினேன். ஆபரேஷன் தியேட்டரில் இருந்ததைத் தள்ளிக்கொண்டு வந்தேன். வாசலில் நுழையவில்லை. பெஞ்சுக்கு மேலே தூக்கி, அலமாரியில் கையை இடித்துக்கொண்டு, உள்ளே கொண்டுபோய் வைத்தபோது அம்மாவின் முகம் நீலமாகிவிட்டது. எனக்கு இருபது வயது. முதல் லீவில் வந்தபோது நான் எனக்கென்று ஒரு சட்டைகூட வாங்கவில்லை, அந்த மெஷினைத்தான் வாங்கினேன். அது உங்களுக்கும் தெரியும்.

வினீத் என்ன சொன்னான் தெரியுமா? மெடிக்கல் காலேஜிலிருந்து அவன் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப் போகும் வழியில், விட்டுப்போன பையை எடுக்க நம் ஆஸ்பத்திரிக்கு வந்தானாம். மூன்றாம் கட்டில் என்றார்களாம். தலைமாட்டு மெஷினில் லீலாபாய் என்று அம்மாவின் பெயரைப் படித்திருக்கிறான். இங்கே வந்து சாப்பிடுகிற இடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னான்: “எலே, எனக்க அம்மயை உனக்க அம்ம ஆக்கும் காப்பாத்தினது.” நான் தட்டை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். பதினைந்து வருஷமாக நெஞ்சில் கிடந்தது அன்றைக்குத்தான் கொஞ்சம் இறங்கியது.

அவன் அந்தப் பெயரைப் படித்துவிட்டுப் போன அதே வாரத்தில் நீங்கள் அதைத் தூக்கி ஸ்டோரில் போட்டிருக்கிறீர்கள். பழையதாம். கிறிஸ்துமஸுக்கு வீடியோவில் காட்டினீர்களே, ஓடுதா என்று கேட்டேன், ஓடுது மக்கா என்றீர்களே? ஓடுகிற மெஷினை, ஒரு உயிரைக் காப்பாற்றிய மெஷினை எந்த நர்ஸ் எடுப்பாள்?

திரும்ப வையுங்கள். வைக்கும்வரை எனக்கு எழுத வேண்டாம்.

அஜீஷ்

*

செங்கல்
3 மார்ச் 2024, ஞாயிறு

மக்கா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். பேச்சு வந்த நாளிலிருந்து என்னை நீ என்று கூப்பிட்டவன் ‘நீங்கள்’ போட்டு எழுதியிருக்கிறாய். இரண்டு அடி அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

முன் கடிதத்தில் நான் பொய் எழுதினேன். வினீத்தின் கையில் கொடுத்தனுப்புகிற கடிதத்தில் உண்மையை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. இதைத் தபாலில் அனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

அம்மாவின் மெஷின் சரசம்மாவைக் காப்பாற்றவில்லை. அது ஓடாது. இரண்டு வருஷமாக ஓடாது. மோட்டார் எரிந்துபோயிற்று. நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த மெக்கானிக் இரண்டு தடவை சரிசெய்தார், மூன்றாம் தடவை கையை விரித்துவிட்டார். கமிட்டி புதிதாக ஒன்று வாங்கித் தந்தது. தலைமாட்டில் அம்மா நின்றதால் புதியதை வாசலுக்கு வெளியே வராந்தாவில் வைத்தோம். வைத்தோம் என்ன, நான்தான் வைத்தேன்.

ஏன் அப்போதே எடுக்கவில்லை என்று கேட்பாய். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நீ அதைக் காட்டச் சொல்வாய். அதற்காகவே தினமும் துடைத்தேன். குரோஷா துணி பின்னிப் போர்த்தினேன். “ஓடுதா?” என்று நீ கேட்கும்போது உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வேறு பதில் வராது. பழைய நர்ஸ்கள் எல்லாருக்கும் அது செத்த மெஷின் என்று தெரியும். ஆனால் யாரும் எழுதி ஒட்டவில்லை. அம்மா பெயருக்குக் கீழே ‘ஓடாது’ என்று நான் எப்படி ஒட்டுவேன்?

சோனா வேலைக்குச் சேர்ந்து அன்றைக்கு மூன்று வாரம். ஜனவரி 11, சாயங்காலம் நாலரை மணி, பார்க்க வருகிறவர்கள் வருகிற நேரம். சரசம்மா சர்க்கரை தாழ்ந்து அரை மயக்கத்தில் மூன்றாம் கட்டிலில் கிடந்தாள். வாந்தி எடுத்து அடைத்துக்கொண்டது. சோனா எல்லாம் சரியாகத்தான் செய்தாள். ஆளைச் சரித்துப் பிடித்தாள், கைக்கு எட்டிய மெஷினில் குழாயை மாட்டி ஸ்விட்சைப் போட்டாள். ஓடவில்லை. பிளக் சரியில்லை என்று நினைத்து வேறு பிளக்கில் போட்டாள். மறுபடியும் முதல் பிளக். நான் சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அந்தப் பிள்ளை ஒரு கையால் சரசம்மாவின் தலையைப் பிடித்தபடி அழுதுகொண்டே ஸ்விட்சைத் தட்டிக்கொண்டிருந்தது. நான் வராந்தாவில் இருந்ததைத் தள்ளினேன். வாசலில் நுழையவில்லை. பார்க்க வந்த இரண்டு பேரும் நானுமாகப் பெஞ்சுக்கு மேலே தூக்கி உள்ளே இறக்கினோம்.

எத்தனை நிமிஷம் போயிற்று என்று எனக்குத் தெரியாது. எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பது? சரசம்மா பிழைத்தாள். ஆனால் வாந்தி நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகி மெடிக்கல் காலேஜில் ஒன்பது நாள் கிடந்தாள். வினீத் லீவு போட்டு ஓடி வந்தது அதற்குத்தான். பை எடுக்க வந்தவன் அம்மாவின் மெஷினைத் தொட்டுக் கும்பிட்டான், மக்கா. நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அதை அங்கிருந்து எடுத்தேன்.

இப்போது கமிட்டி சோனாவுக்கு மெமோ கொடுத்திருக்கிறது. “மெஷினை ஓட்டத் தெரியாத பிள்ளையை என்னத்துக்கு வச்சிருக்கு?” என்கிறார் வேதமாணிக்கம் சார். இருபத்து மூன்றாம் தேதி கூட்டம். மெஷின் ஓடாது என்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் அங்கே நிறுத்தினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப் போகிறேன். என் வேலை போனால் போகட்டும். அவள் வேலை போகக் கூடாது. கூட்டம் முடிந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். அதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும்.

நான் அம்மாவை வெளியே போடவில்லை. அம்மா கிடந்த கட்டிலில் இன்னொருத்தியின் முகம் நீலமாவதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அதை அங்கே நிறுத்த என்னால் முடியவில்லை.

உன்னிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

ரெஜிலா

*

ஷார்ஜா
17 மார்ச் 2024

அக்கா,

கடிதம் வந்தது. நாலு தடவை படித்தேன்.

வினீத் மேல்கட்டிலில் உட்கார்ந்து அவன் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறான். சிரிக்கிறான். இவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உனக்கு என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை.

பிறகு எழுதுகிறேன்.

அஜீஷ்

*

செங்கல்
14 ஏப்ரல் 2024, ஞாயிறு

மக்கா,

ஒரு விரல் நீளத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாய். அதில் ‘உனக்கு’ என்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஈஸ்டரைக் கழித்தேன்.

கூட்டம் நடந்தது. நான் எழுதியதை நானே நின்று வாசித்தேன். சோனாவின் மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். வேலை இருக்கிறது. அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான், வாசலில் நிற்கிற அலமாரியும் பெஞ்சும் போனால்தான் ஆகும் என்று ஆரம்பித்துவிட்டேன். வேதமாணிக்கம் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. “எனக்க அப்பச்சனுக்க அலமாரி உனக்கு என்ன செய்தது?” என்றார்.

“சார், நாளைக்கு ஒரு தடவை வாருங்கள், ஸ்ட்ரெச்சரை நீங்களே தள்ளிப் பாருங்கள்” என்றேன். வர மாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். ஸ்ட்ரெச்சரில் சோனா படுத்துக்கொண்டாள். சார் தள்ளினார். முதலில் பெஞ்சில் இடித்தது. பின்னால் இழுத்துத் திருப்பினார், அலமாரியில் இடித்தது. நாலு தடவை ஆயிற்று. ஐந்தாம் தடவை சோனாவின் முழங்கை அலமாரிக் கதவில் பட்டு, “எனக்க அம்மோ” என்று கத்திவிட்டாள். சார் ஸ்ட்ரெச்சரை விட்டுவிட்டு அலமாரியில் கையை ஊன்றி நின்றார். எழுபது வயது ஆளுக்கு மூச்சு வாங்கியது. “ஆளை விட்டு எடுத்துத் தா மோளே. நான் வீட்டில வச்சுக்கிடுதேன்” என்றார். பெஞ்சு இப்போது வராந்தாவில். பார்க்க வருகிறவர்கள் உட்காருகிறார்கள். உபதேசியாருக்கு இப்போதுதான் மரியாதை என்று நினைக்கிறேன்.

பொழியூருக்கும் போய்வந்தேன். கடல் அரித்து அரித்து, சரசம்மா வீட்டுக்கு நேர் முன்னால் கல் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். “நீ சொல்லாம இருந்தா எனக்குத் தெரியவா போவுது? என்னத்துக்கு வந்து சொன்ன?” என்றாள். திடீரென்று, “அந்தக் கொச்சுப் பிள்ளைக்கு வேல போயிருமா?” என்று கேட்டாள். போகாது என்றேன். “எனக்க தலையைச் சரிச்சுப் பிடிச்ச கை எனக்கு ஓர்மை உண்டு கேட்டியா. அந்தக் கை நடுங்கிச்சு. ஆனா விடல்ல” என்றாள். வரும்போது ஒரு பை நிறைய மீனைக் கட்டிக் கொடுத்துவிட்டாள். வாங்க மாட்டேன் என்றேன். வாங்காவிட்டால்தான் கோபம் என்றாள். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன், பக்கத்தில் இருந்தவர்கள் மீன் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

“வினீத்துக்கு உனக்க தம்பி சொல்லட்டு. நான் சொன்னா அவன் சண்டைக்குப் போவான்” என்று சொல்லி அனுப்பினாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இன்னும் ஒன்று. அம்மாவின் மெஷின் துணி போர்த்தியபடி ஸ்டோரில் நிற்கிறது. போன புதன்கிழமை ஆண்கள் வார்டிலிருந்து ஒரு நர்ஸ் வந்து, “ஸ்டோரில் ஒரு சக்ஷன் சும்மா நிற்கிறதே, எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டாள். ஓடாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அதைக் கழித்துப் பழைய இரும்போடு போட வேண்டும், எனக்குத் தெரிகிறது. ஆனால் நீ சொல்லாமல் அதன்மேல் கைவைக்க மாட்டேன்.

அக்கா

*

ஷார்ஜா
3 மே 2024

அக்கா,

வினீத்திடம் சொல்லிவிட்டேன். அவன் மீன் வறுத்துக்கொண்டிருந்தான், நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன், நேரமே வரவில்லை, அதனால் அப்போதே சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனான். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஒரே அறையில் மேலும் கீழும் படுத்துக்கொண்டு பேசாமல் இருப்பது என்ன என்று உனக்குத் தெரியாது. நாலாம் நாள் வேலையிலிருந்து வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “எலே, எனக்க அம்ம உயிரோட உண்டு. உனக்க அம்மதான் இல்ல. நீ இப்படி மூஞ்சியைத் தொங்கப் போட்டா நான் யாரோட சண்டை பிடிக்க?” என்றான். அதற்குப் பிறகு உன் அச்சாறில் மிச்சம் இருந்ததை அவனே தின்று தீர்த்துவிட்டான்.

இங்கே என் வேலை என்ன என்று உனக்கு நான் சரியாகச் சொன்னதே இல்லை. கிரேனில் பாரம் தூக்கும் பெல்ட்டுகளைக் கட்டுகிறவன் நான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எல்லா பெல்ட்டையும் விரித்துப் பார்ப்பதும் என் வேலை. நல்லதாக இருந்தால் அந்த மூன்று மாதத்துக்கான நிறத்தில் நாடா சுற்றுவோம். இப்போது பச்சை. நூல் பிரிந்திருந்தால் கத்தியை எடுத்து அங்கேயே இரண்டாக வெட்டிவிடுவேன். “ஓரமாப் போட்டா போதாது, அவசரத்தில எவனாவது எடுப்பான், வெட்டிப் போடு” என்று புது ஆட்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அப்படிப்பட்ட நான் உன்னிடம் அதைத் திரும்ப வை என்று எழுதியிருக்கிறேன். ஆண்கள் வார்டு நர்ஸ் கேட்டாள் என்று எழுதியிருக்கிறாய். நான் சொல்லிக்கொடுக்கிற அந்த ‘எவனாவது’ வந்தாயிற்று.

அந்த மெஷினின் ஒயரை வெட்டிவிடு. நீயே வெட்டு. சோனா பக்கத்தில் இருக்கட்டும்.

உன் கடிதங்களை வரிசையாக வைத்துத் திரும்பப் படித்தேன். புதிய மெஷினைப் பெஞ்சுக்கு மேலே தூக்கி இறக்கினோம் என்று எழுதியிருக்கிறாய். நானும் அன்று அதே பெஞ்சுக்கு மேலேதான் தூக்கினேன். அக்கா, அம்மாவுக்கு மெஷின் இல்லாமல் இல்லை. மெஷின் வாசல் வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே போக வழிதான் இல்லை. பதினைந்து வருஷமாக மெஷின் இல்லை, மெஷின் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த நெரிசலுக்குள் நானும் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினேன். நீ எனக்காகப் பொய் சொன்னாய். அதைச் சொல்ல வைத்தது நான். வருஷம்தோறும் போனைப் பிடித்துக்கொண்டு ஓடுதா, ஓடுதா என்று கேட்டால் நீ என்னதான் செய்வாய்?

எங்கள் யார்டில் தரையில் மஞ்சள் கோடு போட்ட இடங்கள் உண்டு. அங்கே ஒரு நிமிஷத்துக்குக்கூட ஒன்றையும் வைக்கக் கூடாது. வந்த முதல் மாதம் என் சோற்றுப் பாத்திரத்தை வைத்துவிட்டு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. மூன்றாம் கட்டிலின் தலைமாட்டில் அப்படி ஒன்று போடு. வாசலிலிருந்து தலைமாடு வரைக்கும் போடு. அம்மாவின் பெயரை அங்கே எழுது. அம்மாவுக்கு என்று இனி ஒரு பொருளும் வேண்டாம். அந்த இடம் போதும்.

நீ எனக்குத் தந்த அச்சாறு பாட்டில் காலி. யாராவது வந்தால் கொடுத்துவிடு.

தம்பி
அஜீஷ்

*

செங்கல்
2 ஜூன் 2024, ஞாயிறு

என் மக்கா,

வெட்டிவிட்டேன். பிளாஸ்டர் வெட்டுகிற கத்திரியை வாங்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். துணியை எடுத்ததும் சிவப்பு எழுத்தில் அம்மாவின் பெயர். கத்திரியை வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன். சோனா ஒயரை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். வெட்டினேன். பிறகு இரண்டு பேரும் கீழே உட்கார்ந்து அழுதோம். அவள் எதற்கு அழுதாள் என்று நான் கேட்கவில்லை. பிளக்கை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உன் யார்டில் புது ஆட்களுக்குக் காட்டு.

பாறசாலையிலிருந்து பெயிண்டரை வரவழைத்தேன். “எந்தச் சாதனத்தில பேரு எழுதணும்?” என்றான். சாதனம் இல்லை, தரையில் என்றேன். “அப்போ எதை வைக்கப் போறிய?” என்றான். ஒன்றும் வைக்கப் போவதில்லை என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மஞ்சள் கோடு இழுத்து, தலைமாட்டுச் சுவரில் சிவப்பில் எழுதினான்:

லீலாபாய் நினைவாக
மகன் அஜீஷ், மகள் ரெஜிலா கொடுத்த இடம்.
இங்கே எதையும் வைக்காதீர்கள்.

என் பெயரையும் சேர்த்துக்கொண்டேன். கோபிக்காதே. பொய்யில் எனக்கும் பங்கு உண்டல்லவா?

போதகர் ஜெபம் செய்ய வந்தார். நல்ல மழை. ஈரக் குடையை எங்கே வைப்பது என்று பார்த்து, கோட்டுக்குள் சுவரில் சாய்த்து வைத்தார். எட்டுக் கட்டிலிலிருந்தும் ஒரே சத்தம். அவர் பயந்துபோய்க் குடையைக் கையில் பிடித்துக்கொண்டே ஜெபம் செய்து முடித்தார். சரசம்மா பரிசோதனைக்கு வந்தவள் கோட்டுக்கு வெளியே நின்று, “உள்ளே கால் வைக்கலாமா?” என்று கேட்டாள். ஆள் வரலாம், சாமான்தான் வரக் கூடாது என்றேன்.

வார்டில் இப்போது ஒரு கடிகாரம்தான். மெஷின்கள் எல்லாவற்றிலும் அட்டை தொங்குகிறது. உன் வழக்கப்படி மூன்று மாதத்துக்கு ஒரு நிறம். நாங்களும் பச்சையில்தான் ஆரம்பித்திருக்கிறோம்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் குளத்தூர்க்காரி ஒருத்திக்கு அடைத்துக்கொண்டது. சோனா வராந்தாவிலிருந்து புதிய மெஷினை அம்மாவின் இடம் வழியாகத் தள்ளிக்கொண்டு போனாள். எதையும் தூக்கவில்லை, எதிலும் இடிக்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது விநாடி. அந்த அம்மா இருமி, கண்ணைத் திறந்து, “என்னத்துக்கு எல்லாரும் என்னையே பாக்கியது?” என்று கேட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மீன் உண்டா என்றும் கேட்டாள்.

எல்லாரும் போன பிறகு நான் அந்தக் கோட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அம்மா போன அன்று நீ தனியாக நின்ற இடம். பதினைந்து வருஷம் பிந்தித்தான் வந்தேன், மக்கா. ஆனால் வந்துவிட்டேன்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு லீவு கேள். வர முடியாவிட்டால் வீடியோவில் கூப்பிடு. கூப்பிட்டால் ஓடுதா என்று கேட்காதே, அங்கே ஓடுவதற்கு ஒன்றும் இல்லை. காலியாக இருக்கிறதா என்று கேள். நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்றாம் கட்டில் வரைக்கும் நடந்து போய், என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

உன் அக்கா
ரெஜிலா